தனுஷியா வைத்த நண்டுக் கறி

தனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பது தனுஷியாவுக்கு முப்பத்து மூன்றாவது வயதில்தான் தெரிய வந்தது.

அதுவரை அவள் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறந்த நேரத்தில் மூளைக்குப் பிராணவாயு போதாமல் போனதால் அவளுடைய கையும் காலும் அவள் சொல்வதைக் கேட்பதில்லை. பேச்சும் இழுபட்டுத்தான் வரும். பழகியவர்களுக்கு விளங்கும், புதியவர்கள் இரண்டு தரம் கேட்பார்கள், மூன்றாம் தரம் கேட்கக் கூச்சப்பட்டு, விளங்கியதுபோலத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மற்றபடி அவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மோட்டர் நாற்காலியில், அவர்கள் குடியிருக்கும் தெற்கு லண்டன் மிச்சம் என்ற ஊரின் கடைத்தெரு முழுவதும் சுற்றி வருவாள். பட்டம் பெற்றவள். வீட்டில் இருந்தபடியே ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினாள். மடக்கிய ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாலும் நக்கல் குறையாமல் எழுதுவாள்.

சாப்பாடு மட்டும் அம்மா கமலாம்பிகையின் பொறுப்பு. குழைத்து, அளவாக உருட்டி, வாயில் வைப்பார். எந்தக் கறி, எவ்வளவு சோறு, எப்போது தண்ணீர் என்பதெல்லாம் அம்மாவின் கைக்குத்தான் தெரியும். தனுஷியாவின் வேலை வாயைத் திறப்பது.

அப்படியிருக்கும்போதுதான் ஹரோவில் நடந்த ஒரு கலியாணத்துக்கு டென்மார்க்கிலிருந்து கம்சிகா வந்தாள். கமலாம்பிகையின் தம்பி மகள், தனுஷியாவுக்கு மச்சாள். அவளும் சக்கர நாற்காலிதான். தசைகள் மெல்ல மெல்லப் பலம் இழக்கும் நோய். ஆனால் அவள் தாயோடு வரவில்லை. நெட்டையான ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு வந்தாள். பந்தியில் அந்தப் பெண் கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் இருக்க, கம்சிகா டேனிஷ் மொழியில் உத்தரவு போட்டாள். அது வேண்டாம், அடுத்தது. பருப்பு இன்னும் கொஞ்சம். அப்பளத்தைச் சோற்றுக்குள் நொறுக்காதே. அந்தப் பெண்ணும் அப்படியே செய்தாள்.

கமலாம்பிகை அதிசயப்பட்டுப் போனார்.

"ஆர் பிள்ளை உது? சிநேகிதியோ?"

"இல்லை மாமி, என்ரை உதவியாளர். நான்தான் ஆளை எடுத்தனான், நான்தான் சம்பளம் குடுக்கிறன். அதுக்குரிய காசு அரசாங்கம் தரும். அங்கை இது கனகாலமா இருக்கிற வழக்கம்."

"எவ்வளவு பெரிய நாடு உங்கடை?"

"லண்டனிலை இருக்கிற சனம்கூட எங்கடை நாட்டிலை இல்லை மாமி," என்று சிரித்தாள் கம்சிகா. பிறகு தனுஷியாவின் பக்கம் திரும்பினாள். "உனக்கு இதிலை எந்தக் கறி விருப்பம்?"

தனுஷியா தட்டைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. எல்லாம் கலந்து ஒரே உருண்டையாக வந்த சாப்பாட்டில் எதை என்று சொல்வது?

அடுத்த வாய் வந்தபோது அவள் விழுங்காமல் நாக்கில் வைத்து யோசித்தாள். வழுவழுவென்று ஏதோ. எண்ணெய். உள்ளே குட்டிக் குட்டி விதை. இதையா இத்தனை காலம் தின்றோம்?

"அம்மா, எனக்குக் கத்தரிக்காய் வேண்டாம்."

"விசர்க்கதை. உனக்குச் சரியான விருப்பமல்லோ," என்று அம்மா அடுத்த உருண்டையை நீட்டினார்.

அன்று இரவே தனுஷியா உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு எழுதத் தொடங்கினாள். இங்கேயும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு என்று கம்சிகா சொல்லியிருந்தாள். கவுன்சில் ஆட்கள் வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள், மறந்தார்கள், திரும்ப வந்தார்கள். தனுஷியா விடவில்லை. அவளுடைய மின்னஞ்சலைத் திறக்கவே அங்கே பயப்படத் தொடங்கினார்கள் என்று தம்பி பிரவீணன் சொல்வான். கடைசியில் வாரத்தில் சில நாட்களுக்கு ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ள அனுமதி வந்தது.

கமலாம்பிகை குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வெளியே வந்து கேட்டார்: "நான் உயிரோடைதானே இருக்கிறன். என்னத்துக்கு வேறை ஆள்?"

"நீங்கள் கனகாலம் உயிரோடை இருக்கத்தான். உங்கடை முதுகு என்ன பாடுபடுகுது எண்டு எனக்குத் தெரியும்."

"என்ரை முதுகைப் பற்றி ஆர் உன்னட்டைக் கேட்டது?"

என்றாலும் ஆட்களைப் பார்க்கும் நாளில் அம்மா நல்ல சேலை உடுத்தி, முன்னறையின் பெரிய கதிரையில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார். வந்த பெண்களை எல்லாம் அவர்தான் விசாரித்தார். கலியாணம் கட்டியாயிற்றா, தகப்பன் என்ன வேலை, வீட்டில் செருப்போடு திரிவீர்களா. வந்தவர்களும் அவரைப் பார்த்தே பதில் சொன்னார்கள்.

கடைசியாக வந்தவள் கோஷா என்ற போலந்துப் பெண். மிச்சத்திலேயே இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அம்மா அவளிடம், "என் மகள் உறைப்புச் சாப்பிடுவாள், உனக்கு அந்த வாசம் ஒத்துக்கொள்ளுமா?" என்று தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டார். கோஷா பதில் சொல்லாமல் தனுஷியாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உறைப்பு உங்களுக்குப் பிடிக்குமா, அல்லது அம்மா சொல்வதற்காகச் சாப்பிடுகிறீர்களா?"

தனுஷியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உறைப்பு நிஜமாகவே பிடிக்கும். கத்தரிக்காய்தான் பிடிக்காது."

"சரி. ஒன்று சொல்லவேண்டும். நான் மாமிசம், மீன் எதுவும் தின்பதில்லை. சமைத்துத் தருவேன். ருசி பார்க்கமாட்டேன்."

"வெள்ளைக்காரி சைவமோ!" என்று அம்மா தமிழில் வாய்விட்டுச் சொன்னார். அந்த ஒன்றுக்காகவே அவர் கோஷாவை மன்னித்துவிட்டார்.

ஆள் வந்தாயிற்று. ஆனால் உத்தரவு போடுவது தனுஷியா நினைத்ததுபோல் இலேசாக இருக்கவில்லை. பாண் ரொட்டியை எப்படி வெட்ட என்று கோஷா கேட்பாள். எப்படி என்றாலும் சரி என்பாள் இவள். "அப்படி ஒரு வெட்டு இல்லையே," என்று கத்தியோடு நிற்பாள் கோஷா. தேநீருக்குச் சீனி எவ்வளவு, தலை எந்தப் பக்கம் வாருவது, ஜன்னல் எவ்வளவு திறப்பது. சில நாட்களில் தனுஷியாவுக்கு வெறுத்துப்போய் அம்மாவைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் மெல்ல மெல்லப் பிடிபட்டது. தனக்குச் சீனி இரண்டு கரண்டி வேண்டும், அம்மா ஒன்றுதான் போட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. உச்சி வகிடு தனக்கு வடிவில்லை என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் தெரிய வரும்போது, யாரோ புது ஆளைச் சந்திப்பதுபோல அவளுக்கு ஒரு சந்தோசம்.

கோடைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சட்டன் பக்கத்துத் தமிழர்கள் ஆண்டுதோறும் நடத்தும் கோடை விழாவுக்கான கூட்டம் என்று அம்மா போய்விட்டார். விழாவில் ஒரு சமையல் போட்டி உண்டு. அதில் பரிசு வாங்காமல் கமலாம்பிகை வீடு திரும்பியதே இல்லை. அன்று தனுஷியா கோஷாவையும் கூட்டிக்கொண்டு மீன்கடைக்குப் போய், நல்ல கனமான நண்டாக விரல் காட்டி வாங்கி வந்தாள்.

"இது என்னை முறைக்கிறது," என்றாள் கோஷா, கழுவும் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு.

"அதுக்கு உயிர் போய்விட்டது. நீ பயப்படாதே. கவிழ்த்துப் பிடி. அந்த மூடியை நெம்பு. இன்னும். இப்போது ஓட்டைக் கழற்று. உள்ளே பஞ்சுபோல இருப்பதை எல்லாம் பிய்த்து எறி."

கோஷா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிய்த்தாள். தனுஷியா நாற்காலியை அடுப்பருகே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டாள். அம்மா கறி வைக்கும்போது பார்த்த பார்வை எல்லாம் அவளிடம் இருந்தது. ஆனால் அளவு ஒன்றும் இல்லை. வெங்காயமும் உள்ளிப்பூண்டும் வதங்கும் நிறத்தைப் பார்த்து "நில்" என்றாள். வெந்தயம் கருகும் முன்பே மூக்கால் பிடித்து, நண்டைப் போடச் சொன்னாள். தூள், புளி, உப்பு எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான்: "போடு, போடு, இன்னும், நில்." கோஷா குழம்பைக் கரண்டியில் எடுத்து ஊதி அவள் உதட்டில் வைப்பாள். தனுஷியா கண்ணை மூடி யோசிப்பாள். புளி காணாது, இன்னும் கொஞ்சம். தேங்காய்ப்பால் விடு. இப்போது முருங்கையிலை. மூடாதே, பச்சை போய்விடும்.

அம்மாவும் பிரவீணனும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். வாசலிலேயே மணம் பிடித்துவிட்டது. பிரவீணன் கையைக் கழுவியும் கழுவாமலும் உட்கார்ந்து ஒரு நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சினான்.

"கோஷா, சூப்பர்!" என்றான் ஆங்கிலத்தில்.

அம்மாவும் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். புருவம் உயர்ந்தது. "பரவாயில்லை, வெள்ளைக்காரி நல்லாத்தான் வைச்சிருக்கிறாள்."

"நான் வைச்சது," என்றாள் தனுஷியா.

"ஓம் ஓம், நீ சொல்லிக் குடுத்திருப்பாய்."

"சொல்லிக் குடுக்கேல்லை. நான் வைச்சனான்."

"எப்பிடியடி நீ வைக்கிறது? உன்ரை கை..." என்று தொடங்கிய அம்மா நிறுத்திக்கொண்டார். பிரவீணன் உறிஞ்சிக்கொண்டிருந்த நண்டுக்காலைத் தட்டில் வைத்தான்.

தனுஷியா தன் அறைக்குப் போனாள். கோபத்தோடு விழாக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சலைத் தொடங்கினாள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி முடித்தாள். வரும் கோடை விழாவில் சமையல் போட்டிக்கு, தனுஷியா, நண்டுக் கறி.

விழா சட்டனில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். மேசைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எரிவாயு அடுப்பு வைத்திருந்தார்கள். முந்திய ஆண்டு ஒரு மனிதர் உணவகத்தில் வாங்கிய மீன் குழம்பைத் தன் சட்டியில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதே உணவகத்தில் பரிமாறுகிற பையன் விழா பார்க்க வந்து குழம்பை அடையாளம் கண்டுவிட்டான். அதனால் இந்த முறை எல்லோரும் இங்கேயே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், சொந்தக் கையால் சமைக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள்.

அந்த விதிதான் தனுஷியாவின் மேசைக்கு வந்து நின்றது.

விழாச் செயலாளர் வத்சலா அக்கா நல்லவர். யாருக்கும் மனம் நோகப் பேசத் தெரியாதவர். குனிந்து, குழந்தையோடு கதைப்பதுபோல மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, நீர் வந்தது எங்களுக்குப் பெரிய சந்தோசம். இந்த மேசையிலை ஆசைக்குச் சமையும். ஆனா போட்டியெண்டு வந்தால், சொந்தக் கையாலை எண்டு விதி இருக்கெல்லோ? உமக்கு ஒரு விசேட பரிசு வைச்சிருக்கிறம். கவலைப்படாதையும்."

"விசேட பரிசு வேண்டாம் அக்கா. போட்டி வேணும்."

வத்சலா அக்காவுக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினார். அது சம்மதமா மறுப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் பக்கத்து மேசைக்காரர்கள் கூடிவிட்டார்கள். பாவம் விடுங்கோ என்றார் ஒருவர். அப்ப நாங்களும் ஆளை வைச்சுச் சமைப்பமே என்றார் இன்னொருவர். ஒதுக்கினால் சட்டப்படி குற்றமாகிவிடும் என்று யாரோ பின்னால் பயமுறுத்தினார்.

சட்டம் தனுஷியாவுக்கும் தெரியும். எந்தப் பிரிவு என்பதுகூடத் தெரியும். ஆனால் சட்டத்தைக் காட்டி உள்ளே போனால், சட்டத்துக்காக உள்ளே விட்டார்கள் என்று ஆகிவிடும். அவள் சுற்றிப் பார்த்தாள். நடுவரின் மேசையில் செபமாலைமுத்து இருந்தார். யாழ்ப்பாணக் கடற்கரையில் உள்ள குருநகர்க்காரர். தெற்கு லண்டனில் எந்தப் பிறந்தநாள், எந்தச் சாமத்திய வீடு என்றாலும் சாப்பாடு அவருடைய சமையற்கூடத்திலிருந்துதான் போகும். அவரிடம்தான் பேச வேண்டும். ஆனால் இந்த இரைச்சலில் அவளுடைய குரல் எட்டாது. கோஷாவுக்கோ தமிழ் தெரியாது.

அடுத்த மேசையில் அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். இங்கே பார்க்காததுபோல உரித்தார்.

"அம்மா, இஞ்சை வாங்கோ. நான் சொல்லுறதை அவருக்கு அப்பிடியே சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"நான் உனக்கு எதிராப் போட்டி போடுறவள் அல்லோ?"

"அதுக்கென்ன. உங்கடை குரல் நல்ல எடுப்பான குரல்."

கமலாம்பிகை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். தனுஷியா இழுத்து இழுத்துச் சொல்ல, அம்மா மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"செபமாலைமுத்து அண்ணை எண்டு சொல்லுறாள்."

"'எண்டு சொல்லுறாள்' வேண்டாம் அம்மா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செபமாலைமுத்து அண்ணை, என்ரை தம்பியின்ரை பிறந்தநாளுக்கு உங்களட்டை ரோல்ஸ் எடுத்தனாங்கள். வந்த சனமெல்லாம் செபமாலைமுத்துவின்ரை ரோல்ஸ் எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டவை. அதை நீங்களோ உங்கடை கையாலை சுத்தினனீங்கள்?"

செபமாலைமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் ரோல்ஸ் சுத்திக் கனகாலம் பிள்ளை. பெடியள்தான் சுத்துறாங்கள். ஆனா ஒண்டு பிழைச்சாலும் ஏச்சு எனக்குத்தான் வரும்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். கறி பிழைச்சால் ஏச்சு எனக்கு. கோஷாவுக்கு இல்லை. அவ நண்டு வாயிலை வைக்க மாட்டா. உப்புக் காணுமோ காணாதோ எண்டு அவவுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். ருசி என்ரை வாயிலை இருக்கு. கை ஆரின்ரையா இருந்தால் என்ன?"

அம்மா மூச்சு வாங்க நிறுத்தினார். தனுஷியா இன்னும் முடிக்கவில்லை. அடுத்ததைச் சொன்னாள். அம்மா அவளையே பார்த்தார்.

"இது என்னத்துக்கு இப்ப, இத்தினை சனத்துக்கு முன்னாலை?"

"சொல்லுங்கோ அம்மா."

கமலாம்பிகையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "என்ரை அம்மா முப்பத்து மூண்டு வருசமா எனக்குத் தன்ரை கையாலை சோறு தீத்தினவ. அவவைப்போலக் கை ஒருதருக்கும் இல்லை. ஆனா எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது எண்டு அந்தக் கைக்குத் தெரியேல்லை."

சொல்லி முடித்தவர், தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்: "நீ சொன்னால்தானே தெரியும்!"

"சொன்னனான். விசர்க்கதை எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

இதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. முதலில் சிரித்தவர் கமலாம்பிகைதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இறால் உரித்த கை என்பதை மறந்துவிட்டதால் கண் எரிந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் வந்தது.

செபமாலைமுத்து எழுந்து நின்றார். "வத்சலா தங்கச்சி, அந்தப் பிள்ளையின்ரை பேரைப் போட்டியிலை எழுதுங்கோ. மற்ற ஆக்களுக்கும் சொல்லுறன், ஆளை வைச்சுச் சமைக்க விருப்பமெண்டால், கையைக் கட்டிக்கொண்டு நிண்டு வாயாலை மட்டும் சமைச்சுக் காட்டுங்கோ. நான் குறுக்கை நிக்க மாட்டன்." ஒருவரும் முன்வரவில்லை.

அடுப்புகள் பற்றின. வீட்டுக் குசினியில் எல்லாம் தெளிவாக இருந்தது; இங்கே எட்டுத் திக்கிலிருந்தும் மிளகாய்ப் புகை. ஒரு பக்கம் கணவாய் பொரிகிற வாசம், மறுபக்கம் அம்மாவின் இறால் குழம்பின் வாசம். தனுஷியாவின் மூக்கு திண்டாடியது. கோஷா வழக்கம்போல் உப்புப் போத்தலைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

"போடு. இன்னும். இன்னும்."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

பிறகு ருசி பார்த்தபோது நாக்கில் உறைப்பு மட்டும்தான் ஏறியது. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். நண்டு வெந்துவிட்டதா என்பதிலும் சந்தேகம் வந்து, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டாள். கோஷா எதிலும் தலையிடவில்லை. முகத்தில் மட்டும் ஒரு கேள்வி இருந்தது. அதைத் தனுஷியா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

செபமாலைமுத்து மேசை மேசையாக வந்தார். தனுஷியாவின் சட்டியிலிருந்து ஒரு காலை எடுத்து உடைத்தார், உறிஞ்சினார், குழம்பை விரலால் தொட்டு நக்கினார். சுற்றி நின்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். எல்லோருடைய முகத்திலும் ஏற்கெனவே ஒரு புன்னகை தயாராக இருந்தது. தனுஷியாவுக்கு அந்தப் புன்னகையை நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து அவள் என்ன செய்தாலும் கிடைக்கிற புன்னகை.

செபமாலைமுத்து சிரிக்கவில்லை.

"உப்புக் கூடிப் போச்சு," என்றார். "நண்டும் அளவுக்கு மிஞ்சி அவிஞ்சு போச்சு. சதை ஓட்டோடை ஒட்டிப் பிடிச்சிட்டுது, பாரும். அடுப்பை விட்டு முதலே இறக்கியிருக்க வேணும். தூள் கூட்டு நல்லா வந்திருக்கு. முருங்கையிலை கடைசியாப் போட்டது நல்ல வேலை. ஆனா இந்த உப்புக்கு மன்னிப்பு இல்லை."

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு!" என்று அடுத்த மேசையிலிருந்து அம்மா பாய்ந்தார். அவர் இன்னும் ருசியே பார்க்கவில்லை.

"அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ. இது என்ரை கறி." தனுஷியாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. வெட்கமாகவும் இருந்தது, உடம்பெல்லாம் ஒரு துள்ளலாகவும் இருந்தது. இதுவரை அவளை யாரும் இப்படிக் கண்டித்ததில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அவள் கீறிய கோணல் வீட்டுப் படத்துக்கு நட்சத்திரம்தான் ஒட்டினார்கள். "அண்ணை, அடுப்பிலை எவ்வளவு நேரம் விட்டிருக்கலாம்?"

அவருக்கு முதல் தரம் விளங்கவில்லை. "என்ன பிள்ளை?" என்றார். இரண்டாம் தரமும் விளங்கவில்லை. "திருப்பிச் சொல்லும்," என்று காதைக் கிட்டக் கொண்டுவந்தார். மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டார். அங்கேயே நின்று, ஓட்டின் நிறம் மாறுவதை எப்படிப் பார்ப்பது, உப்பை எப்போது போடுவது என்று அவளோடு வெகுநேரம் கதைத்தார். பின்னால் காத்திருந்த மேசைக்காரர்கள் பொறுமை இழந்து கூப்பிடும்வரை.

முடிவு சொல்லும்போது வத்சலா அக்கா ஒலிவாங்கியில், "எங்கள் எல்லாருக்கும் முன்மாதிரியாக விளங்கும் செல்வி தனுஷியாவுக்கு விசேட பரிசு," என்றார். கைதட்டல் எழுந்தது. தனுஷியா நாற்காலியை மேடையருகே கொண்டுபோனாள். எல்லோரும் பரிசு வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்தார்கள்.

"அக்கா, எனக்கு எத்தினையாம் இடம்?"

இந்த முறை வத்சலா அக்கா தலையை ஆட்டிவிட்டு நகரவில்லை. செபமாலைமுத்துவைப் பார்த்து அவரும் கற்றுக்கொண்டிருந்தார் போலும். குனிந்து, மறுபடி கேட்டு, விளங்கிக்கொண்டார். விளங்கியதும் தர்மசங்கடமாகிவிட்டது.

"அது... கடைசிக்கு முதல் இடம் பிள்ளை."

"கடைசி ஆர்?"

"கணவாய் பொரிச்சவர். அவரின்ரை சட்டி அடிப்பிடிச்சுக் கருகிப் போச்சு."

தனுஷியா தலையைப் பின்னால் சாய்த்து, நாற்காலி ஆடும்படி சிரித்தாள். "அப்ப அந்தப் பரிசை அவருக்குக் குடுங்கோ. அவருக்குத்தான் ஆறுதல் வேணும்."

கணவாய்க்காரர் வெட்கப்படவில்லை. ஓடிவந்து வாங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அவருக்குத்தான் அன்று பெரிய கைதட்டல்.

முதற்பரிசு நாகர்கோவில்காரர் குருமூர்த்திக்குப் போனது. வங்கி ஒன்றில் கணினி வேலை பார்ப்பவர். தேங்காய் அரைத்து மீன் குழம்பு வைத்திருந்தார். "ஆமாங்க, எல்லாம் ராஜி சொல்லிக் குடுத்ததுதான். நான் வெறும் கை மட்டும்தான்," என்று மனைவியைக் காட்டிச் சொல்லிவிட்டு, தனுஷியாவைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். கமலாம்பிகைக்கு இரண்டாம் இடம். அவர் பரிசை வாங்கியவிதம், கடன்காரனிடம் வாங்குவதுபோல இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கான இடத்தில் தனுஷியா இருந்தாள். எதிரே அம்மாவும் கோஷாவும். மடியில் இரண்டு சட்டிகள். பஸ் ரோஸ்ஹில் தாண்டியதும் அம்மா தொடங்கினார். தொடங்கியவரை நிறுத்த முடியவில்லை.

"அதுவும் ஒரு குழம்போ? தேங்காய்ச் சம்பலுக்குள்ளை மீனைப் போட்டு வைச்சிருக்கிறார். புளியைக் காணேல்லை. உறைப்பைக் காணேல்லை. செபமாலைமுத்துவுக்கு வயது போட்டுது, நாக்குச் செத்துப் போச்சு."

"ருசியாத்தான் இருந்தது அம்மா. நானும் ஒரு கரண்டி சாப்பிட்டனான்."

"நீ ஆரின்ரை பக்கமடி?"

"என்ரை பக்கம். நானும் தோத்தனான்தானே."

கமலாம்பிகைக்கு அது நியாயமாகப் பட்டது. தோற்றவர்கள் இருவரும் சேர்ந்து வழியெல்லாம் அந்தக் குழம்பைக் குறை சொன்னார்கள். நடுவில் கோஷா, என்ன சண்டை என்று கேட்டாள். சண்டை இல்லை, நாங்கள் இப்போது ஒரு கட்சி என்றாள் தனுஷியா. அடுத்த ஆண்டுக்கு இப்போதே கறியைப் பழக வேண்டும், வாரம் ஒருதரம் நண்டு வாங்கவேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். கோஷா ஜன்னல் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டாள்.

இறங்கும் இடம் நெருங்கியது. கமலாம்பிகை கைப்பையைத் திறந்து, கைத்தொலைபேசியை எடுத்து, மகளிடம் மெல்ல நீட்டினார்.

"இதிலை ராஜியின்ரை நம்பர் இருக்கு. சரியா விழுந்திருக்கோ எண்டு ஒருக்காப் பார்."

"என்னத்துக்கம்மா அவவின்ரை நம்பர்?"

"அந்தத் தேங்காயை எப்பிடி அரைக்கிறது எண்டு கேக்கத்தான்," என்றார் அம்மா, மணியை அழுத்திக்கொண்டே.